கூறல்

கடைசிச் சொற்கள் என்று
பெரிதாய் ஒன்றுமில்லை.
தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகையில்
மெற்றில்டாவிடம் சொன்னேன்:
"பாட்டா கட்டிலுக்குக் கீழ கிடக்கு,
ஆரும் கொண்டுபோயிடுவினம்."

முப்பத்தொரு வருசம்
பாசையூர்ச் சந்தையில் மீன் கூறின தொண்டை
ஒரு சோடிச் செருப்போடு முடிந்தது.

எல்லாம் விளங்கினதோ என்று டொக்டர் கேட்டவர்.
குரல்வளையை முழுதாய் எடுப்பம்,
மூச்சு இனிக் கழுத்தால்,
மூக்கு சும்மா இருக்கும்.
விளங்கினது என்று ஒப்பமிட்டேன்.

மூக்கு சும்மா இருப்பதென்றால் என்னவென்று
வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.
திருக்கைச் சரக்குக்கறி அடுப்பில் கொதிக்கிறது,
கண்ணால் பார்க்கிறேன்,
மணம் இல்லை.
தேத்தண்ணியை ஊதினேன்.
ஆவி அசையவில்லை.
கழுத்துத் துணி மட்டும்
மெல்ல எழும்பி விழுந்தது.

கிணற்றடியில் இனி வாளியைத் தலையில் கவிழ்க்க ஏலாது.
ஒரு கை தண்ணீர் தவறினால் நேரே நெஞ்சுக்குள்.
குனிந்து நிற்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.
அவள் பின்னால் நின்று பிடரியைக் கழுவுகிறாள்.
கடலுக்கு
முழங்கால் வரைதான் உத்தரவு.

பேசாதவனுக்குக் காதும் கேளாது என்று
ஊருக்கு ஒரு நினைப்பு.
"ஒரு றாத்தல் பாண்" என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன்.
கடைப் பொடியன் என் பேனையை வாங்கி
அடியில் பதில் எழுதினான்:
பாண் முடிஞ்சுது.
எழுத்துப் பிழை இல்லை.
சிரித்தேன்,
அதற்கும் சத்தம் இல்லை.

பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனம்.
என் பாவங்களை முதல் தரம் எழுத்தில் பார்த்தேன்.
நான் நினைத்ததைவிட அரைப் பக்கம் கூட.
கிராதிக்கு அப்பால் சுவாமியார்
ரோச் வெளிச்சத்தில் வாசித்தார்.
மூன்றாவது வரியில் வெளிச்சம் நின்றது.

"றெஜினாவின் மீனைக் கூறும்போது
விலை ஏறிக்கொண்டிருக்கையில்
ஒருதரம் இரண்டுதரம் மூன்றுதரம் என்று
ஒரே மூச்சில் முடித்தேன்,
எடுத்தவன் அடைக்கலமுத்து,
அவன் தந்த சுருட்டுக்காக.
ஒரு நாள் அல்ல."

மன்னிப்புத் தந்தார்.
தாளையும் திருப்பித் தந்தார்.
வாயால் சொன்னால் பாவம் காற்றோடு போகும்,
இது சட்டைப்பையில் இருக்கிறது.
கோயில் மதிலோரம் நெருப்புப் பெட்டியைத் தட்டினேன்,
தாள் எரிந்தது.
குச்சியை ஊதி அணைக்கப் போய்
விரல் சுட்டுக்கொண்டேன்.

தெல்லிப்பழையில் ஒரு பிள்ளை பேச்சுப் பழக்குகிறாள்.
காற்றை விழுங்குங்கோ ஐயா,
ஏவறையாய் விடுங்கோ,
ஏவறைக்குள் சொல்லை வையுங்கோ.
சபையில் விடக்கூடாதென்று
அம்மா தொடையில் கிள்ளிப் பழக்கினது.
நாலு மாதமாய் அதையே பாடமாக்குகிறேன்.
வருவது சொல்லல்ல,
ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் ஏறுகிற சத்தம்.

நேற்று விடியப்புறம் சந்தைக்குப் போனேன்.
என் இடத்தில் திலுக்சன் நின்று கூறுகிறான்.
நல்ல குரல்,
கொஞ்சம் அவசரம்.
றெஜினாவின் கூடை முரல் வந்தது.
மூவாயிரம், ஒருதரம்.
மூவாயிரம், இரண்டுதரம்.
நான் காற்றை விழுங்கினேன்.
துணிக்கடியில் மூச்சு அடித்தது.
அடிவயிற்றிலிருந்து ஏதோ ஏறி
வாய்வரை வந்து உடைந்தது:
"நாலு."

ஆரோ ஏவறை விட்டதென்று
இரண்டு பேர் சிரித்தார்கள்.
மூன்றுதரம் என்றான் திலுக்சன்.
முரல் மூவாயிரத்துக்கே போனது.
றெஜினா மட்டும் காசை எண்ணாமல்
சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
நான் கையை உயர்த்தியிருக்கலாம்.
அது அப்போது ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மெற்றில்டாவுக்குச் சொல்லிக் காட்டப் பார்த்தேன்.
வெறும் காற்று.
இன்னொரு தரம்.
வெறும் காற்று.
கொப்பியை எடுத்தேன்.
அவள் பேனையை என் கையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு
"நான் கேட்டனான்" என்றாள்.

சந்தை அரை மைல் தூரம்.
அவள் காலமை முழுக்கக் கிணற்றடியில்
உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றவள்.